விளக்கினுள் ஒரு மதகு
(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

கெடில நதிக்கரையில் அமைந்த திருவதிகையிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால் நெய்வேலியை அடையலாம். அங்கே 1956ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பெற்றது. 1957ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரதமர் நேரு அவர்கள் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்கள். 1962இல் அங்கு முதன் முதலாக மின்சாரம் பிறந்தது. அந்த முதல் அனல் மின் நிலையம் தன் கடமையை முடித்து 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. அதன்பின் வந்த நிலையங்கள் இன்று இயங்கி வருகின்றன. இத்துணை பெரிய மின்சாரக் களஞ்சியத்தின் அருகில் வாழும் நமக்கு இருளைப் பற்றிய கவலை எதற்கு என்று பிற மாவட்டத்தார் கேட்கக்கூடும்.

ஆனால் 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் வீசிய ‘தானே’ புயலை நம் பகுதியினர் மறக்க மாட்டார்கள். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன; மின்கம்பங்களும் உடன் சாய்ந்தன. நெய்வேலி அருகிலிருந்தும் பல சிற்றூர்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. மின்சாரம் பிறக்கும் இடம் அண்மையில் இருந்தால் மட்டும் போதாது, அதனைக் கொண்டுவரும் வழியும் நிலைத்திருக்க வேண்டும் என்னும் பாடத்தை நாம் அன்று கற்றோம். 2011-12ஆம் ஆண்டில் தொடங்கிய சூரிய மின்சக்திப் பசுமை வீடுகள் திட்டத்தில் வீட்டுடன் சூரிய ஒளி விளக்குகளும் அளிக்கப்பெற்றன. தெருக்களிலும் சூரிய விளக்குகள் எழுந்தன. பகலில் வெயிலை மின்சாரமாக்கி, பாட்டரியில் சேமித்து, இரவில் ஒளி தரும் இவ்விளக்குகள் எந்தக் கம்பத்தையும் நம்பி நிற்பனவல்ல.

இவ்விளக்கினுள்ளே கட்டைவிரல் நகத்தளவே உள்ள ஒரு கறுப்புச் சில்லு இருக்கிறது. மின்னழுத்தத்தை வேண்டிய அளவுக்குக் குறைத்துச் சீராக வழங்குவது அதன் தொழில். ஆபத்து நேர்ந்தால் தன்னைத் தானே காத்துக்கொள்ளவும் அதற்குத் தெரியும். அது தன்னைக் காத்துக்கொள்வதையே பழுது என்று நாம் தவறாக எண்ணிப் பொதுப் பணத்தைச் செலவிடுவதுண்டு. அவ்வாறு தவறியவருள் யானும் ஒருவன். ஆதலின் இச்சில்லு எவ்வாறு இயங்குகிறது என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் அறிந்துகொள்ளுமாறு இங்கே கூற விழைகிறேன்.

அழுத்தத்தைக் குறைப்பது எதற்கு?

வாய்க்காலில் நீர் ஓடுவது போலக் கம்பியில் மின்னோட்டம் ஓடுகிறது. நீரைத் தள்ளுவது மேட்டின் உயரம். மின்னோட்டத்தைத் தள்ளுவது மின்னழுத்தம். ஓட்டத்தை ஆம்பியரிலும், அழுத்தத்தை வோல்ட்டிலும் அளக்கிறோம். இவ்விரண்டையும் பெருக்கினால் வருவது வாட்டு. அதுவே ஒரு நொடியில் கிடைக்கும் வேலையின் அளவு.

நெடுந்தொலைவு மின்சாரத்தை அனுப்புகையில் அழுத்தத்தை மிகவும் உயர்த்தி அனுப்பினால் வழியில் இழப்புக் குறையும். அதனால் நெய்வேலியிலிருந்து 2,30,000 வோல்ட்டு, 4,00,000 வோல்ட்டு என்ற உயர்ந்த அழுத்தங்களில் மின்சாரம் புறப்படுகிறது. அது படிப்படியாகக் குறைக்கப்பட்டு 11,000 அல்லது 22,000 வோல்ட்டாக நம் ஊர் எல்லைக்கு வருகிறது. வயலோரத்தில் நிற்கும் டிரான்ஸ்பார்மர் அதனை மேலும் குறைக்க, வீட்டிற்கு 230 வோல்ட்டு வந்து சேருகிறது.

டிரான்ஸ்பார்மர் மாறுதிசை மின்சாரத்திற்கு மட்டுமே பயன்படும். நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஊசலாடும் மின்சாரத்தைத்தான் அது குறைக்கவோ கூட்டவோ இயலும். பாட்டரியிலிருந்து வருவதோ ஒரே திசையில் ஓடும் நேர் மின்சாரம். அதனிடம் டிரான்ஸ்பார்மரின் வித்தை பலிக்காது. ஆனால் தேவை இங்கும் உண்டு. டிராக்டரின் பாட்டரி 12 வோல்ட்டு. அதில் மின்னேற்ற விரும்பும் கைப்பேசிக்கு வேண்டுவது 5 வோல்ட்டு. தெருவிளக்கின் பாட்டரி 12 வோல்ட்டு. வரிசையாகக் கோத்த மூன்று வெள்ளை எல்.இ.டி. மணிகளுக்கு வேண்டுவது 9 முதல் 10 வோல்ட்டு. மிகுதியை என்ன செய்வது?

பழைய வழியும் அதன் நட்டமும்

மிகுதியை வெப்பமாக்கி வெளியேற்றிவிடுவது பழைய வழி. 1960களின் இறுதியில் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் விட்லர் அமைத்த எல்.எம்.109 என்னும் சில்லு இவ்வகையைச் சேர்ந்தது. மூன்றே கால்கள் கொண்ட அச்சில்லு 5 வோல்ட்டைச் சீராக வழங்கியது. சூடு மிகுந்தால் தானே நின்றுகொள்ளும் காவலும் அதனுள்ளே அமைந்திருந்தது. பின்னர் வந்த சில்லுகள் பலவற்றுக்கும் அது வழிகாட்டியாயிற்று.

எனினும் இம்முறையில் நட்டம் பெரிது. கைப்பேசி 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். அதற்குப் பயன்படுவது 10 வாட்டு. ஆனால் அதே 2 ஆம்பியர் 12 வோல்ட்டு பாட்டரியிலிருந்து வருவதால், பாட்டரி கொடுப்பது 24 வாட்டு. மீதி 14 வாட்டும் வெறும் வெப்பமாகப் போகிறது. பத்துப் படி பயன்பெறப் பதினான்கு படியைக் கொட்டிவிடும் இம்முறையைச் சிக்கனமறிந்த எந்தக் குடும்பமும் ஏற்காது. வெயிலில் அரிதாகச் சேமித்த மின்சாரத்தைச் சூரிய விளக்கில் இவ்வாறு வீணாக்குவது சிறிதும் பொருந்தாது.

மதகைத் திறந்து மூடும் வித்தை

புதிய முறைச் சில்லு மிகுதியை எரிப்பதில்லை. தேவையான அளவு மட்டுமே பாட்டரியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இதனை ஏரி மதகின் உதாரணத்தால் விளக்கலாம்.

ஒரு மதகு முழுவதும் திறந்தால் வாய்க்கால் உடைப்பெடுக்கும். முழுவதும் மூடினால் பயிர் வாடும். மதகு காப்பவர் அதனைச் சிறிது நேரம் முழுவதும் திறப்பதும், சிறிது நேரம் முழுவதும் மூடுவதுமாக மாறி மாறிச் செய்கிறார் என்று கொள்க. இடையில் ஒரு தொட்டி இருந்தால், தொட்டியிலிருந்து வயலுக்கு நீர் ஒரே சீராக ஓடும். திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் நீர் கூடும், குறைத்தால் குறையும்.

சில்லினுள் இந்த மதகாக நிற்பது டிரான்சிஸ்டர். அது ஒரு நொடியில் பல்லாயிரம், ஏன் பல இலட்சம் தடவை திறந்து மூடுகிறது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் எல்.எம்.2596 என்ற சில்லு நொடிக்கு 1,50,000 தடவை இவ்வாறு செய்கிறது. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க வேண்டுமானால், ஒவ்வொரு சுற்றிலும் நேரத்தில் பன்னிரண்டில் ஐந்து பங்கு திறந்தும், ஏழு பங்கு மூடியும் இருந்தால் ஏறத்தாழக் கணக்குச் சரியாகும். முழுவதும் திறந்திருக்கும்போது மதகில் தடையில்லை. முழுவதும் மூடியிருக்கும்போது ஓட்டமில்லை. இவ்விரு நிலையிலும் வெப்பம் பெரிதாகப் பிறப்பதில்லை. பாதி திறந்து நிற்பதுதான் வெப்பத்தை விளைவிக்கும். பழைய சில்லு எந்நேரமும் அந்நிலையிலேயே நின்றது.

மதகுக்கு அடுத்து நிற்பது கம்பிச்சுருள். இதன் குணத்தைக் குயவரின் சக்கரத்தில் காணலாம். குயவர் கோலால் சக்கரத்தை உந்திவிட்டுக் கோலை எடுத்துவிடுகிறார். சக்கரமோ உடனே நிற்பதில்லை. பெற்ற விசையைச் சேமித்து வைத்துக்கொண்டு சுழல்கிறது. அதுபோலவே, மதகு திறந்திருக்கும்போது சுருள் ஆற்றலைச் சேமிக்கிறது. மூடியபோது அவ்வாற்றலைத் தந்து ஓட்டம் நில்லாமல் காக்கிறது. மதகு மூடிய வேளையில் ஓட்டம் சுற்றிவர ஒரு வழி வேண்டுமல்லவா? அவ்வழியைத் தருவது டையோடு. பம்புசெட்டின் புட் வால்வு நீரை மேலே மட்டும் விட்டுக் கீழே இறங்க விடாமல் தடுப்பது போல, டையோடும் மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும். இறுதியில் நிற்கும் கண்டென்சர்தான் நாம் கூறிய தொட்டி. அது ஏற்ற இறக்கங்களைத் தன்னுள் வாங்கிச் சமனாக்குகிறது.

நல்ல சில்லு இம்முறையில் பத்தில் ஒன்பது பங்கைப் பயனாக்கிவிடும். மேற்சொன்ன 10 வாட்டு கைப்பேசிக்குப் பாட்டரி 24 வாட்டு கொடுக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 11 வாட்டு போதும். ஒரே பாட்டரி இரு மடங்கு நேரத்திற்கும் மேலாக உழைக்கும்.

அளவறிந்து கொடுப்பது எவ்வாறு?

பாட்டரியின் அழுத்தம் மாலையில் ஒன்றாகவும் விடியலில் வேறாகவும் இருக்கும். அவ்வாறிருந்தும் சில்லு ஒரே அளவாக வழங்குவது எப்படி? அதனுள்ளே மாறாத ஓர் அளவுகோல் இருக்கிறது. எல்.எம்.2596 சில்லில் அது 1.23 வோல்ட்டு. வெளியே செல்லும் 5 வோல்ட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைப் பிரித்தெடுத்து, அளவுகோலுடன் சில்லு ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. குறைந்தால் மதகு திறந்திருக்கும் நேரத்தை நீட்டுகிறது, மிகுந்தால் சுருக்குகிறது. கரையில் நட்ட அளவுக்கல்லைப் பார்த்து மதகை இயக்குவோரின் வேலையும் இதுவே.

எல்.இ.டி. விளக்கில் அழுத்தத்தைவிட ஓட்டத்தையே காக்க வேண்டும். அழுத்தம் சிறிது உயர்ந்தாலும் எல்.இ.டி. மணியில் ஓட்டம் பெரிதும் ஏறிவிடும், மணி கருகும். ஆதலின் விளக்கின் சில்லு ஓட்டத்தை அளந்து, அதை ஒரு நிலையில் நிறுத்துகிறது.

தற்காப்பு நான்கு

முதலாவது, ஓட்டக் காவல். கம்பிகள் ஒன்றோடொன்று உராய்ந்து ஷார்ட் ஏற்பட்டால் ஓட்டம் கட்டுக்கடங்காமல் பாயும். சில்லு தன் மதகின் வழியே செல்லும் ஓட்டத்தை ஒவ்வொரு சுற்றிலும் கவனித்து, வரம்பு மீறியவுடன் அச்சுற்றிலேயே மதகை மூடிவிடுகிறது. பியூஸ் ஒருமுறை எரிந்தால் மாற்ற வேண்டும், இக்காவலோ எரிவதில்லை. குறை நீங்கியதும் சில்லு தானே பணிக்குத் திரும்பும். சில சில்லுகள் சிறிது நேரம் நின்று, மீண்டும் முயன்று, குறை நீங்கவில்லையெனில் மறுபடி நிற்கும். அப்போது விளக்கு மினுக் மினுக்கென்று மின்னும்.

இரண்டாவது, வெப்பக் காவல். பெரும்பாலான சில்லுகளில் உள்வெப்பம் 150 டிகிரி செல்சியஸையோ அதற்குச் சற்று மேலான அளவையோ எட்டினால் மதகு மூடிக்கொள்ளும். வெப்பம் போதிய அளவு தணிந்த பின்னரே திறக்கும். வெப்பம் தணியாமல் உடனே திறந்தால் ஓயாமல் திறந்து மூடிச் சில்லு நலிவுறும் என்பதால் இந்த இடைவெளியை வைத்திருக்கின்றனர்.

மூன்றாவது, தாழ்வழுத்தக் காவல். இதில் ஒரு நுட்பம் உண்டு. இச்சில்லு ஒரே அளவு வேலையைத் தருவதால், பாட்டரியின் அழுத்தம் குறையக் குறைய அதிக ஓட்டத்தை உறிஞ்சும். 10 வாட்டு வேண்டுமெனில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 0.83 ஆம்பியர் எடுப்பது, 8 வோல்ட்டில் 1.25 ஆம்பியர் எடுக்கும். இளைத்த மாட்டின் மேல் சுமையைக் கூட்டுவதற்கு இது ஒப்பாகும். மேலும், அழுத்தம் மிகத் தாழ்ந்தால் மதகு முழுவதும் திறக்காமல் பாதியில் நின்று சூடேறும். ஆகவே குறித்த அளவுக்குக் கீழே சில்லு இயங்க மறுத்துவிடுகிறது. பாட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டுக் கருவியும் தன் பங்குக்கு இவ்வாறே விளக்கைத் துண்டிக்கும்.

நான்காவது, மெல்லத் தொடங்குதல். வறண்ட வாய்க்காலில் முதல் நீரை மெதுவாக விடுவது போல, விளக்கைப் போட்டவுடன் சில்லு தன் வெளியீட்டைச் சிறிது சிறிதாக உயர்த்துகிறது. வெறுமையான கண்டென்சருக்குள் ஒரேயடியாக ஓட்டம் பாய்வதை இது தடுக்கிறது.

இச்சில்லால் தடுக்க இயலாதனவும் உள. பாட்டரியின் நேர் முனையையும் எதிர் முனையையும் மாற்றி இணைத்தால் சில்லு அழியக்கூடும். இடியின் வேகமும், மழைநீர் புகுந்து ஏற்படும் துருவும் அதன் காவலுக்கு அப்பாற்பட்டவை. கண்டென்சரும் முதுமையடையும், அது நிற்கும் இடத்தின் வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு.

யான் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் யான் பணியாற்றிய ஒன்றியத்தில், முந்திரித் தோப்பை ஒட்டிய ஒரு வளைவில் சூரிய விளக்கொன்று இருந்தது. விடியுமுன் வேலைக்குச் செல்லும் பெண்கள் அவ்வழியேதான் பேருந்துக்கு வருவர். அவ்விளக்கு எரியத் தொடங்கிய அரைமணியில் அணையும், சிறிது நேரம் கழித்துத் தானே எரியும், மீண்டும் அணையும். பாம்புகள் நடமாடும் இடமாகையால் அப்பெண்கள் மிகவும் அஞ்சினர். விளக்கு கெட்டுவிட்டது, புதிது வாங்கலாம் என்று குறிப்பு வந்தது. நேரில் பாராமலே அதில் கையொப்பமிட்டேன்.

அதற்குள் பக்கத்துத் தெருவில் அதே குறையுடைய மற்றொரு விளக்கை ஒருவர் “சரி” செய்துவிட்டார். சில்லை விலக்கிப் பாட்டரியை நேராக எல்.இ.டி. மணிகளோடு இணைத்துவிட்டார். மூன்று இரவுகள் அது முன்னிலும் பிரகாசமாக எரிந்தது. நான்காம் இரவு மணிகள் கருகி ஒரேயடியாக அணைந்தது. நோயாளி படுத்துக்கொள்கிறானே என்று கட்டிலைப் பறித்தது போலாயிற்று.

பின்னர் வளைவிலிருந்த விளக்கை இறக்கிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய அலுமினிய மடிப்புகளின் இடையே குளவி மண்கூடு கட்டியிருந்தது; எஞ்சிய இடத்தைப் புழுதி அடைத்திருந்தது. காற்றுப் படாமல் சில்லு சூடேறி, வெப்பக் காவலால் நின்று, ஆறியதும் எரிந்து கொண்டிருந்தது. கூட்டை அகற்றி, ஈரத் துணியால் துடைத்து, உலர்த்தி ஏற்றினோம். அன்றிரவு விளக்கு விடியும்வரை அணையவில்லை. வாங்கும் குறிப்பை யானே திரும்பப் பெற்றேன். ஆனால் கருகிப்போன விளக்குக்கு மாற்று வரும்வரை அடுத்த தெரு பல வாரம் இருளில் இருந்தது. முன்னமே பார்த்திருந்தால் அவ்விளக்கையும் காத்திருக்கலாம்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

விளக்கு எவ்வாறு அணைகிறது என்பதைக் கவனித்தால் குறையின் இடம் பெரும்பாலும் விளங்கும்.

எரிந்து சூடேறியபின் அணைந்து, ஆறியதும் எரிந்தால் வெப்பமே காரணமாகலாம். அலுமினிய மடிப்புகளைத் தூய்மை செய்க.

போட்டவுடனேயே மினுக் மினுக்கென்று மின்னினால் கம்பி உராய்வையோ ஷார்ட்டையோ தேடுக.

மாலையில் நன்றாக எரிந்து நள்ளிரவில் அணைந்தால் பாட்டரியின் வலுவையும் சூரியத் தகட்டையும் பார்க்க வேண்டும். தகட்டின் மேல் புழுதியோ, பறவை எச்சமோ, வளர்ந்த கிளையின் நிழலோ இருக்கக்கூடும்.

அறவே எரியாவிட்டால் பியூஸ், துருவேறிய இணைப்பு, மாறிய முனைகள் ஆகியவற்றை முறையே ஆராய்க. அதன்பின்னரே மாற்றுவது பற்றி எண்ணுக.

எக்காரணத்தாலும் சில்லை விலக்கி நேராக இணைக்க இசையாதீர்கள். பியூஸ் எரிந்தால் அதே அளவுள்ள பியூஸையே போடச் செய்க. புது விளக்கு வாங்கும்போது ஓட்டக் காவலும், வெப்பக் காவலும், இடிக் காப்பும் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குக. பாட்டரி இணைப்பைக் கழற்றிய பின்னரே விளக்கைத் திறக்கச் செய்க. 230 வோல்ட்டில் எரியும் எல்.இ.டி. தெருவிளக்கினுள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர் மின்சாரம் இருக்கக்கூடும். இணைப்பைத் துண்டித்த பின்னும் அது கண்டென்சரில் சிறிது நேரம் தங்கும். அதனைப் பயிற்சி பெற்ற மின்பணியாளரைத் தவிர வேறெவரும் தொடலாகாது.

ஆண்டுக்கு இருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் கோடைக்கு முன்னும், ஊரிலுள்ள விளக்குகளை இறக்கித் துடைத்துப் பார்க்கும் வழக்கத்தை ஒவ்வோர் ஊராட்சியும் மேற்கொள்ளுமாக. இதற்கு ஆகும் செலவு ஓர் ஆள் கூலியும் ஒரு துணியுமே. விளக்கு அணைந்தது என்று முறையீடு வந்தால், “எப்போது அணைகிறது, எவ்வளவு நேரம் கழித்து எரிகிறது?” என்று முதலில் வினவுங்கள். அவ்விரு வினாக்களுக்கான விடையைக் குறிப்பில் எழுதிய பின்னரே பணம் ஒதுக்குவதைப் பற்றி முடிவு செய்யுங்கள்.